தீர்ப்பு இலவசம், பக்க எண்ணுக்குக் காசு

போன மாசம் ஒரு வக்கீல் ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தேன். வீட்டைக் காலி பண்ணி நாலு மாசம் ஆகியும் அட்வான்ஸ் திரும்ப வரல, நோட்டீஸ் அனுப்பணும், அதுக்காகத்தான். வக்கீல் சார் ஒரு துண்டுச் சீட்டுல ஒரு வருஷம், ஒரு எண், எஸ்சிசினு மூணு எழுத்து, இன்னொரு எண், கடைசியில "பத்தி 14"னு எழுதிக் கொடுத்து, "இந்தத் தீர்ப்பைப் படிச்சுட்டு வாங்க தம்பி, உங்க கேஸ் புரியும்"னார். வீட்டுக்கு வந்து இந்தியன் கானூன்ல தேடினேன். அஞ்சு நொடியில தீர்ப்பு வந்துடுச்சு. ஆனா 14-ஆவது பத்தியில அவர் சொன்ன விஷயம் இல்ல. முழுசாப் படிச்சுப் பார்த்தா அது 23-ஆவது பத்தியில இருக்கு.

ஃபோன் பண்ணிக் கேட்டேன். சிரிச்சார். "அந்த 14 கோர்ட் போட்ட நம்பர் இல்ல தம்பி. புத்தகக் கம்பெனி போட்டது."

ஒரு மென்பொருள் ஆளுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சினு யோசிச்சுப் பாருங்க. டேட்டா அரசாங்கத்தோடது, பிரைமரி கீ மட்டும் ஒரு தனியார் கம்பெனியோடது! இது எப்படி நடந்ததுனு நோண்டப் போனேன். கதை அமெரிக்காவுல, 200 வருஷத்துக்கு முன்னால தொடங்குது.

முதல்ல அடிப்படை. ஆங்கிலேயர்கிட்ட இருந்து வந்த சட்ட முறையில பழைய தீர்ப்பும் சட்டம்தான். வக்கீல் கோர்ட்ல வாதாடும்போது "இந்த வருஷம், இந்தத் தொகுதி, இந்தப் பக்கம்"னு முகவரி சொல்லியாகணும். நீதிபதி அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். முகவரி சொல்ல முடியலைன்னா, அந்தத் தீர்ப்பு உங்க கையில இருந்தும் பாதிதான் பிரயோஜனம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தொடக்க காலத்தில் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடுவதற்கு ரிப்போர்ட்டர் என்று ஒருவர் இருந்தார். 1816 முதல் 1827 வரை அந்த வேலையைப் பார்த்தவர் ஹென்றி வீட்டன். நல்ல படிப்பாளி. தீர்ப்போடு விரிவான குறிப்புகளும் சேர்த்து 12 தொகுதிகள் போட்டார். சம்பளம் சொற்பம், புத்தக விற்பனையில்தான் வருமானம். அடுத்து வந்த ரிச்சர்ட் பீட்டர்ஸ் கெட்டிக்காரர். தனக்கு முன்னால் வந்த 25 தொகுதிகளையும் சுருக்கி ஆறே தொகுதிகளாக, மலிவு விலையில் வெளியிட்டார். வீட்டனின் புத்தகத்தை யார் வாங்குவார்கள்? வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் டேனியல் வெப்ஸ்டர், அந்தக் காலத்து நட்சத்திர வக்கீல்.

1834-ல் தீர்ப்பு வந்தது. வழக்கை விசாரித்தது அதே உச்ச நீதிமன்றம், சண்டை அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகள் பற்றி! நீதிமன்றத்தின் தீர்ப்புரை மேல் எந்த ரிப்போர்ட்டருக்கும் பதிப்புரிமை கிடையாது, நீதிபதிகளே நினைத்தாலும் அதைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1888-ல் இன்னும் இரண்டு வழக்குகள். நீதிபதி தன் வேலையாக எழுதுவதற்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் ரிப்போர்ட்டர் சொந்தமாக எழுதிச் சேர்க்கும் சுருக்கம், குறிப்பு போன்றவற்றுக்கு உண்டு. கோடு தெளிவாகக் கிழித்தாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தக் கோட்டுக்கு நடுவில் புகுந்தவர் ஜான் வெஸ்ட். மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் வக்கீல்களுக்குப் புத்தகம் விற்றுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய சேல்ஸ்மேன். 1876-ல் தீர்ப்புச் சுருக்கங்களை வாராவாரம் அச்சிடத் தொடங்கினார். 1879-ல் அது நார்த் வெஸ்டர்ன் ரிப்போர்ட்டர் ஆனது. அப்புறம் நாடு முழுக்க மாநிலங்களைப் பிரித்துத் தொகுதிகள். அரசாங்க அச்சகத்தைவிட வேகம், பிழை குறைவு. சட்டம் முழுவதையும் தலைப்புவாரியாகப் பிரித்து எண் கொடுத்த 'கீ நம்பர்' முறை வேறு. இன்றைய வார்த்தையில் சொன்னால் டேக்கிங். நல்ல வேலை என்பதால் எல்லோரும் வெஸ்ட் பக்க எண்ணையே மேற்கோள் காட்டினார்கள். நீதிமன்றங்களும் அதையே கேட்டன. ஒரு கம்பெனியின் பக்க எண் நாட்டின் சட்ட முகவரியானது இப்படித்தான். யாரும் சதி பண்ணவில்லை. தரமாக வேலை செய்தார்கள், மற்றவர்கள் சோம்பேறியாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

1973-ல் கம்ப்யூட்டர் வந்தது. ஓஹையோவின் டேட்டன் நகரில் மீட் டேட்டா சென்ட்ரல் என்ற நிறுவனம் லெக்சிஸ் சேவையைத் தொடங்கியது. தாய்க் கம்பெனி, சிரிக்காதீங்க, ஒரு பேப்பர் மில் கம்பெனி. தீர்ப்பின் முழு வாசகத்திலும் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் தேடலாம். கூகுள் பிறப்பதற்கு 25 வருஷம் முன்னால்! இரண்டு வருஷத்தில் வெஸ்டும் வெஸ்ட்லா என்று தன் சேவையைக் கொண்டுவந்தது.

ஆனால் லெக்சிஸுக்கு ஒரு தலைவலி. திரையில் தீர்ப்பைத் தேடி எடுத்த வக்கீல், அந்த வரி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொல்ல வெஸ்ட் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். எனவே 1985-ல் லெக்சிஸ் ஓர் அறிவிப்பு செய்தது: வாசகத்துக்கு நடுவே நட்சத்திரக் குறியோடு வெஸ்டின் பக்க எண்ணைச் செருகப் போகிறோம். இதற்கு ஸ்டார் பேஜினேஷன் என்று பெயர். நாம ஹெச்டிஎம்எல்ல ஆங்கர் டேக் போடுவோமே, அதே மாதிரி.

வெஸ்ட் நீதிமன்றத்துக்கு ஓடியது. வாதம் என்னவென்றால்: "தீர்ப்பு பொது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தீர்ப்புகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பது எங்கள் படைப்பு. பக்க எண் அந்த வரிசையைக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் பக்க எண்ணை எடுத்தால் எங்கள் படைப்பை எடுத்தது போல." 1986-ல் எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றது. தீர்ப்பு தொடங்கும் முதல் பக்க எண்ணைச் சொல்லலாம், வெஸ்டே அதை ஆட்சேபிக்கவில்லை. உள்ளே இருக்கும் பக்கங்களின் எண்கூடாது. வீட்டு நம்பர் இலவசம், ரூம் நம்பருக்குக் காசு. 1988-ல் லெக்சிஸ் சமரசம் செய்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டது. போட்டிக்கு வேறு யாரும் எட்டிப் பார்க்கவே பயந்தார்கள்.

இந்தப் பூட்டைத் திறந்த சாவி சட்டப் புத்தகத்திலிருந்து வரவில்லை, டெலிபோன் டைரக்டரியிலிருந்து வந்தது. கான்சஸில் ரூரல் டெலிபோன் என்ற சின்னக் கம்பெனி. ஃபீஸ்ட் என்ற பதிப்பாளர் அதன் பெயர்ப் பட்டியலை எடுத்துத் தன் பெரிய டைரக்டரியில் போட்டார். 46,878 பதிவுகளில் 1,309 பதிவுகள் அப்படியே ஒத்துப்போயின. எப்படி மாட்டினார்கள் தெரியுமா? ரூரல் கம்பெனி திருட்டைக் கண்டுபிடிப்பதற்காகவே இல்லாத ஆட்களின் பெயர்களைப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தது. அதில் நான்கு, ஃபீஸ்ட் டைரக்டரியிலும் இருந்தன. கையும் களவுமாகப் பிடிபட்டும் ஃபீஸ்ட் ஜெயித்தார். 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: உழைப்பு மட்டும் போதாது. துளியாவது படைப்புத்திறன் இருந்தால்தான் பதிப்புரிமை. பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதில் என்ன படைப்பு இருக்கிறது?

அப்படியானால், ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்கத்துக்கு எண் போடுவதில்?

இதைக் கேட்டவர் நியூயார்க்கில் ஹைப்பர்லா என்ற சிறு கம்பெனி வைத்து, தீர்ப்புகளை சிடி-ராமில் போட்டு விற்ற ஆலன் சுகர்மன் என்ற வக்கீல். மேத்யூ பெண்டர் என்ற பெரிய பதிப்பகமும் அதே கேள்வியோடு வழக்கில் இருந்தது. 1998-ல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வெஸ்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பக்கம் எங்கே முடிகிறது என்பதை அச்சு இயந்திரம் தீர்மானிக்கிறது, அதில் மூளை வேலை இல்லை. வெஸ்ட் எழுதிய ஹெட்நோட்டுகளை விட்டுவிட்டு, நீதிபதியின் வாசகத்தை அந்தப் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. உச்ச நீதிமன்றம் 1999-ல் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. இதற்கு நடுவில் 1996-ல் தாம்சன் நிறுவனம் வெஸ்டை 340 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. பக்க எண்ணின் மதிப்பு அதில் எவ்வளவோ!

இந்த இடத்துல ஒரு சின்ன கிளைக்கதை, எனக்குப் பிடிச்சது. 1992-ல கார்னெல் பல்கலைக்கழக சட்டக் கல்லூரியில பீட்டர் மார்ட்டின் என்ற பேராசிரியரும் டாம் புரூஸ் என்ற டெக் ஆளும் சேர்ந்து சட்டத்தை இணையத்துல இலவசமா போட ஆரம்பிச்சாங்க. ஆனா அன்னைக்கு இருந்த வெப் பிரவுசர்கள் யுனிக்ஸ் மெஷின்ல ஓடும். வக்கீல்கள் வச்சிருந்ததோ விண்டோஸ். புரூஸ் உட்கார்ந்து தானே ஒண்ணு எழுதிட்டார். 1993-ல வந்த அந்த செல்லோதான் விண்டோஸுக்கான முதல் பிரவுசர். வக்கீலுங்க டெக்னாலஜிக்குக் கடைசியா வருவாங்கனு கிண்டல் பண்ற என் நண்பர்களுக்காக இதைச் சொல்றேன்.

பக்க எண் விடுதலையானாலும் கோர்ட் ஆவணங்கள் விடுதலையாகவில்லை. மனு, பதில் மனு, ஆணைகள் எல்லாம் பேசர் என்ற அரசு டேட்டாபேஸில் இருந்தன. பக்கத்துக்கு 7 சென்ட், அப்புறம் 8, 2012 முதல் 10. கோர்ட்டே கடை வைத்தது. சோதனை முயற்சியாக 17 நூலகங்களில் இலவசமாகப் பார்க்கலாம் என்றார்கள். பொது ஆவணங்களை இணையத்தில் ஏற்றுவதையே வாழ்க்கையாக வைத்திருந்த கார்ல் மாலமுட், "பென் டிரைவ் எடுத்துக்கிட்டுப் போங்க" என்று தன்னார்வலர்களைக் கூப்பிட்டார். 21 வயது ஏரன் ஸ்வார்ட்ஸ் பென் டிரைவோடு நிற்கவில்லை. ஒரு நூலகத்தின் இலவச அனுமதியை வைத்து ஸ்கிரிப்ட் எழுதி கிளவுட் சர்வரில் ஓடவிட்டார். கோர்ட் கவனித்துச் சோதனையை நிறுத்துவதற்குள் சுமார் 2 கோடி பக்கங்கள் இறங்கிவிட்டன. 8 சென்ட் கணக்கில் 15 லட்சம் டாலருக்கு மேல். எஃப்பிஐ விசாரித்தது. குற்றம் எதுவும் இல்லை என்று 2009-ல் மூடியது. ஏரன் பிறகு தன்னைப் பற்றிய எஃப்பிஐ கோப்பையே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி வெளியிட்டார். (2011-ல் வேறொரு டவுன்லோடு வழக்கில் கைதாகி, 2013 ஜனவரியில் 26 வயதில் இறந்துபோனது தனிக் கதை. அதைப் போகிற போக்கில் சொல்ல எனக்கு மனசு வரல.)

அந்த 2 கோடி பக்கங்களைத் துழாவிய மாலமுட் இன்னொன்றையும் பார்த்தார். மறைத்திருக்க வேண்டிய சோஷியல் செக்யூரிட்டி எண்கள் அப்படியே கிடந்தன. நீதிபதிகளுக்கு எழுதிப் போட்டார். திறந்துவிட்ட ஆளே எதை மூடணும்னு சொல்ல வேண்டியிருந்தது. இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க, திரும்பி வரேன்.

இப்போ நம்ம ஊர். இங்கே 1875-லேயே இந்திய சட்ட அறிக்கைகள் சட்டம் வந்து, அரசாங்கமே மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா, அலகாபாத் என்று உயர் நீதிமன்ற வாரியாகத் தொகுதிகள் போட்டது. தனியாரும் வந்தார்கள், மெட்ராஸ் லா ஜர்னல் 1891 முதல் வருகிறது. 1957 பதிப்புரிமைச் சட்டமும் தாராளம்தான்: நீதிமன்றமே தடுக்காதவரை தீர்ப்பை யாரும் மறுபதிப்பு செய்யலாம். ஆனால் அமெரிக்கக் கதைதான் இங்கேயும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அரசு தொகுதி இருக்க, வக்கீல்கள் அதிகம் மேற்கோள் காட்டியது லக்னோவின் ஈஸ்டர்ன் புக் கம்பெனி 1969-ல் தொடங்கிய சுப்ரீம் கோர்ட் கேசஸைத்தான். எஸ்சிசி. என் துண்டுச் சீட்டுல இருந்த அதே மூணு எழுத்து.

சிடி-ராம் காலத்தில் இரண்டு மென்பொருள் நிறுவனங்கள் எஸ்சிசி வாசகத்தை எடுத்துக்கொண்டன என்று வழக்கு. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதியின் மூல வாசகம் பொதுச்சொத்து. எழுத்துப்பிழை திருத்தம், மேற்கோள் எண் சேர்ப்பு போன்றவை உழைப்பு மட்டுமே, அதற்குப் பதிப்புரிமை இல்லை. ஹெட்நோட், அடிக்குறிப்புகளை எடுக்கக்கூடாது. இதுவரைக்கும் அமெரிக்கப் பாதை. ஆனால் நீளமான தீர்ப்பைப் பத்திகளாகப் பிரித்து எண் போட்டு, உள்ளே ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்பு காட்டுவது இருக்கிறதே, அதற்குச் சட்ட அறிவும் முடிவெடுக்கும் திறனும் வேண்டும், அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றார்கள்.

நியாயம் இருக்கு. எங்கே ஒரு வாதம் முடிஞ்சு இன்னொண்ணு தொடங்குதுனு கண்டுபிடிக்கிறது அச்சு இயந்திரம் பக்கம் உடைக்கிற மாதிரி இல்ல. 300 பக்கத் தீர்ப்பைப் படிச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஆனா விளைவு என்ன? அமெரிக்காவுல பக்க எண் விடுதலையாகி ஒன்பது வருஷம் கழிச்சு, இங்கே பத்தி எண்ணுக்கு வேலி. அந்தத் தீர்ப்போட முகவரி என்ன தெரியுமா? 2008, ஒண்ணாம் தொகுதி, எஸ்சிசி, பக்கம் 1. எஸ்சிசி பற்றிய வழக்கைத் தேட எஸ்சிசி எண்ணைத்தான் சொல்லணும்!

தீர்ப்பு வந்த சில வாரங்களில், 2008 ஜனவரியில், இந்தியன் கானூன் தளம் தொடங்கியது. தொடங்கியவர் சுஷாந்த் சின்ஹா, மிஷிகன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் ஆராய்ச்சி மாணவர். வக்கீல் கிடையாது. தீர்ப்புகளையும் சட்டப் பிரிவுகளையும் ஒன்றோடொன்று இணைத்து, எல்லோரும் தேடும்படி இலவசமாக வைத்தார். இன்னைக்கு ஜூனியர் வக்கீல்ல இருந்து அட்வான்ஸ் வராத நான் வரைக்கும் முதல்ல போற இடம் அதுதான்.

இங்கேதான் மாலமுட் பார்த்த பிரச்சினை நம்ம ஊர்ல முளைக்குது. கிரிமினல் வழக்கில் விடுதலையான ஒருவர், தன் பெயரைத் தேடினால் இன்னும் அந்தத் தீர்ப்பு வருகிறது, வாழ்க்கை பாதிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, பெயரை மறைக்க வேண்டும், இந்தியன் கானூன் அதை எடுக்க வேண்டும் என்றது. அதே ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை போட்டது. தீர்ப்பு பொது ஆவணம் என்றால் அதில் இருக்கும் மனிதரும் பொதுவா? என் மனசு அந்த மனிதர் பக்கம்தான். தீர்ப்பு இருக்கட்டும், சட்டத்துக்கு அவர் பெயர் எதுக்கு? ஆனா பெயரை எடுக்க யாருக்கு அதிகாரம், பணமும் பதவியும் இருக்கிறவங்க அதே கதவு வழியா வருவாங்களேனு நினைச்சா உறுதி ஆடுது.

முகவரிப் பிரச்சினைக்கு விடை ரொம்ப எளிமையானது, நம்மள மாதிரி ஆளுங்க முதல் நாளே சொல்லியிருப்போம்: கோர்ட்டே எண் கொடுக்கட்டும். ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் 1998-லும், இங்கிலாந்தின் மேல் நீதிமன்றங்கள் 2001-லும் அதைச் செய்தன. நம்ம உச்ச நீதிமன்றம் 2023-ல் செய்தது. வருஷம், ஐஎன்எஸ்சி என்ற நான்கு எழுத்து, வரிசை எண். எந்தக் கம்பெனியும் நடுவில் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் சுமார் 34,000 தீர்ப்புகளை இ-எஸ்சிஆர் என்று இலவசமாகத் திறந்துவிட்டது. புதுத் தீர்ப்புகளில் பத்தி எண்ணும் கோர்ட்டே போட்டு வருது.

அமெரிக்காவில் சண்டை ஹெட்நோட்டுக்கு நகர்ந்துவிட்டது. ராஸ் என்ற ஸ்டார்ட்அப் செயற்கை நுண்ணறிவுத் தேடலைப் பயிற்றுவிக்க வெஸ்ட்லா ஹெட்நோட்டுகளைப் பயன்படுத்தியது என்று தாம்சன் ராய்ட்டர்ஸ் 2020-ல் வழக்குப் போட்டது. வழக்குச் செலவு தாங்காமல் ராஸ் கடையை மூடிய பிறகும் வழக்கு ஓடியது. 2025 பிப்ரவரியில் நீதிபதி 2,243 ஹெட்நோட்டுகள் விஷயத்தில் ராஸ் மீறியது என்றார், மேல்முறையீடு போனது. 1834-ல் வீட்டனும் பீட்டர்ஸும் சண்டை போட்ட அதே ஓரக் குறிப்புகள்!

இதையெல்லாம் படிச்சுட்டு வக்கீல் சாரைப் பார்க்கப் போனேன். "ஐஎன்எஸ்சி நம்பர் போட்டு நோட்டீஸ் அனுப்பலாமே சார்"னேன். அலமாரியில வரிசையா நிக்கிற எஸ்சிசி தொகுதிகளைப் பார்த்தார். "ரெண்டும் போட்டுடலாம். எதிர்த்தரப்பு வக்கீல் வீட்டுலயும் இதே அலமாரிதான் இருக்கும்"னார்.

நோட்டீஸ் போயிருக்கு, ரெண்டு முகவரியோட. அட்வான்ஸ் இன்னும் வரல. வந்தா அடுத்த எபிசோட்ல சொல்றேன்.